மின்னஞ்சலுக்குப் பூட்டுப் போட்ட வரலாறு

2012 டிசம்பர் 1ஆம் திகதி, பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ நகரில் வசித்த அமெரிக்கப் பத்திரிகையாளர் கிளென் கிரீன்வால்டுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் தன் பெயரைச் சொல்லவில்லை. பழைய ரோம வரலாற்றில் வரும் சின்சினாட்டஸ் என்ற பெயரைப் போட்டிருந்தார். அவர் கேட்டது ஒன்றைத்தான்: உங்கள் கணினியில் மின்னஞ்சலைப் பூட்டும் மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள், அதன் பிறகு பேசலாம்.

கிரீன்வால்ட் சட்டத்தரணியாக இருந்து எழுத்துக்கு வந்தவர். அரசாங்கங்கள் மக்களை வேவு பார்ப்பதைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியவர். அவரே போடவில்லை. மற்றவர் விடவில்லை. படிப்படியான செய்முறை ஒன்றை எழுதி அனுப்பினார். பிறகு 12 நிமிட வீடியோ ஒன்றைத் தானே தயாரித்து அனுப்பினார். அப்படியும் நடக்கவில்லை. கடைசியில் 2013 ஜனவரியில் லோரா பொய்ட்ராஸ் என்ற ஆவணப்பட இயக்குநரைத் தேடிப் போனார். அந்தப் பெண்மணிக்கு இந்த வேலை ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஜூன் மாதம் ஹொங்கொங்கில் வைத்துத்தான் உலகம் அந்த மனிதரின் உண்மைப் பெயரை அறிந்தது: எட்வர்ட் ஸ்னோடன்.

அமெரிக்க உளவு நிறுவனமான என்.எஸ்.ஏ. கோடிக்கணக்கானவர்களின் தொலைபேசி, இணையத் தொடர்புகளைச் சேகரிக்கிறது என்ற செய்தி, ஒரு மென்பொருளைப் போட முடியாததால் கைநழுவப் பார்த்தது. சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போவது இலகு. ஆனால் கெட்டிக்காரரான ஒரு மனிதரால் ஏன் அது முடியவில்லை என்று தேடிப்போனால் ஒரு நீண்ட வரலாறு கிடைக்கிறது. இன்றைய பதிவு அதைப் பற்றியது. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில், பூட்டு எதற்கு?

கணினிக்குக் கணினி மின்னஞ்சல் அனுப்பும் முறையை 1971இல் ரே டொம்லின்சன் செய்து காட்டினார். இன்றுவரை மின்னஞ்சல்களைச் சுமந்து செல்லும் விதிமுறை 1982இல் எழுதப்பட்டது. அன்று அந்த வலையமைப்பில் இருந்தவர்கள் பல்கலைக்கழகத்தாரும் ஆய்வாளர்களும்தான். ஆளுக்கு ஆள் தெரியும். யாரும் பூட்டைப் பற்றி யோசிக்கவில்லை. ஆகவே மின்னஞ்சல் பிறந்ததே தபாலட்டையாகத்தான். உறை போட்ட கடிதமாக அல்ல.

"சேர், ஜீமெயிலில் பூட்டுப் படம் தெரிகிறதே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. அந்தப் பூட்டு பாதைக்கு உரியது. தபால் கந்தோரில் இருந்து தபால் கந்தோருக்குப் பையை முத்திரையிட்டுத்தான் கொண்டுபோகிறார்கள். ஆனால் ஒவ்வொரு கந்தோரிலும் பை திறக்கப்படுகிறது. உள்ளே இருக்கும் அட்டையை அங்குள்ளவர் வாசிக்கலாம். ஜீமெயிலும் அப்படித்தான். கூகுள் நிறுவனமே விளம்பரம் காட்டுவதற்காகப் பாவனையாளர்களின் கடிதங்களைக் கணினியால் வாசித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்துவதாக அறிவித்தது 2017இல்தான்.

நாம் எதையெல்லாம் இந்தத் தபாலட்டையில் அனுப்புகிறோம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். வெளிநாடு போகும் மகனின் கடவுச்சீட்டுப் பிரதி. உம்மாவின் வைத்திய அறிக்கை. காணி உறுதி. வங்கிக் கணக்கு இலக்கம். பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, விலாசம் எல்லாம் அடங்கிய வகுப்புப் பட்டியல்.

கடிதத்தையே பூட்டுவதற்கு மறைகுறியாக்கம் என்று பெயர். நான் பூட்டுதல் என்றே எழுதுகிறேன். இரகசிய எழுத்து மிகப் பழையது. (அல்-கிந்தியை விட்டுவிட்டீர்களே என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன்: 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்துகொண்டு, எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்து இரகசிய எழுத்தை உடைக்கும் முறையை எழுதிவைத்தவர் அவர். அந்த முறை பற்றி இன்று கிடைப்பவற்றில் அதுவே மிகப் பழையது. அவருக்குத் தனிப் பதிவு வேண்டும்.) ஆனால் பழைய முறைகள் எல்லாவற்றிலும் ஒரே குறை இருந்தது. பூட்டவும் திறக்கவும் ஒரே திறப்பு. அப்படியானால் தூரத்தில் இருப்பவருக்கு அந்தத் திறப்பை எப்படி அனுப்புவது? அதை வழியில் யாராவது பிரதி எடுத்தால் கதை முடிந்தது.

1976இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரு அமெரிக்கர்கள் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். ஒரு திறப்புக்குப் பதிலாக இரண்டு. ஒன்று பகிரங்கத் திறப்பு, மற்றது இரகசியத் திறப்பு. வகுப்பில் நான் இப்படிச் சொல்வதுண்டு: நான் நூறு பூட்டுகளைச் செய்து, திறந்தபடியே ஊர் முழுக்கக் கொடுக்கிறேன். யாரும் எனக்கு ஒரு பெட்டியை அனுப்பும்போது அந்தப் பூட்டை அமுக்கிப் பூட்டலாம். அமுக்கிய பிறகு, பூட்டியவராலேயே அதைத் திறக்க முடியாது. திறப்பு என் சட்டைப்பையில் மட்டும்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவர் பெரிய பகா எண்களைக் கொண்டு இதைக் கணிதத்தில் செய்து காட்டினார்கள். பிரித்தானிய உளவு நிறுவனத்தின் கணித அறிஞர்கள் இதே விடயத்தை அதற்கு முன்பே கண்டுபிடித்து மூடி வைத்திருந்தார்கள் என்பது 1997இல்தான் வெளியே வந்தது. அரசாங்கங்களுக்கு இதன் பெறுமதி தெரிந்திருந்தது.

ஆக, கணிதம் 1977இலேயே தயார். அது சாதாரண மனிதனின் கணினிக்கு வர 14 ஆண்டுகள் எடுத்தன.

கொண்டுவந்தவர் பில் சிம்மர்மன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருந்த மென்பொருள் பொறியியலாளர், அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்திலும் இருந்தவர். 1991இல் அமெரிக்க செனட் சபைக்கு ஒரு சட்டமூலம் வந்தது. தொடர்பாடல் கருவிகளைச் செய்பவர்கள், அரசாங்கம் கேட்டால் மக்களின் செய்திகளைத் திறந்த நிலையில் கொடுக்கக்கூடிய விதத்தில் அவற்றைச் செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வாசகம். கொண்டுவந்தவர் ஜோ பைடன், பிற்காலத்தில் ஜனாதிபதியானவரே. சட்டம் வருவதற்குள் மென்பொருள் மக்கள் கைக்குப் போய்விட வேண்டும் என்று சிம்மர்மன் அவசரப்பட்டார். அந்த ஆண்டு ஜூன் மாதம் பீ.ஜீ.பீ. என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். அந்த வாசகம் கைவிடப்பட்டது, பீ.ஜீ.பீ. உலகம் முழுக்கப் பரவியது.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அந்த நாட்களில் அமெரிக்கச் சட்டப்படி பலமான மறைகுறியாக்கம் போர்த் தளபாடம். அனுமதியின்றி ஏற்றுமதி செய்தால் குற்றம். 1993இல் சுங்கத் திணைக்களம் சிம்மர்மன் மீது விசாரணை தொடங்கியது. மூன்று ஆண்டுகள் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. 1996 ஜனவரியில் குற்றச்சாட்டு எதுவும் இல்லாமலே விசாரணை கைவிடப்பட்டது. இடையில் நடந்த வேடிக்கையையும் சொல்ல வேண்டும். மென்பொருளை ஏற்றுமதி செய்தால்தான் குற்றம். புத்தகத்துக்குப் பேச்சுச் சுதந்திரம் உண்டு. ஆகவே 1995இல் பீ.ஜீ.பீ.யின் மூல நிரல் முழுவதும் எம்.ஐ.டி. பதிப்பகத்தால் புத்தகமாக அச்சிடப்பட்டது. அடுத்து வந்த 5.0 பதிப்பையும் புத்தகமாக அச்சிட்டு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய், 1997இல் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து மீண்டும் மென்பொருளாக்கினார்கள். சட்டம் வாயடைத்து நின்றது.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் கதையை முடித்துவிடுவார்கள்: ஒரு தனி மனிதன் வல்லரசை வென்றான், சுபம். எனக்கு இதற்குப் பிறகுதான் கதை சுவாரஸ்யம். ஏனென்றால் தடை நீங்கிய பிறகும் மக்கள் அதைப் பாவிக்கவில்லை.

ஏன் என்று கேட்டவர்கள் அல்மா விட்டன், டைகர் என்ற இரு ஆய்வாளர்கள். 1999இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின் தலைப்பே "ஜொனியால் ஏன் பூட்ட முடியவில்லை" என்ற கருத்தில் அமைந்தது. பாடம் நடத்துபவர்கள் எல்லோரும் அறிய வேண்டிய ஆய்வு. மின்னஞ்சல் பாவிக்கத் தெரிந்த, படித்த 12 பேரை அழைத்தார்கள். அன்று பிரபலமாக இருந்த யூடோரா என்ற மின்னஞ்சல் மென்பொருளையும் பீ.ஜீ.பீ. 5.0ஐயும் கொடுத்தார்கள். நீங்கள் ஒரு தேர்தல் பிரசாரக் குழுவில் இருக்கிறீர்கள், இந்த இரகசியச் செய்தியைக் கையொப்பமிட்டு, பூட்டி, குழுவுக்கு அனுப்புங்கள் என்றார்கள். நேரம் 90 நிமிடம்.

சரியாகச் செய்து முடித்தவர்கள் 4 பேர். மூன்று பேர் இரகசியத்தைப் பூட்டாமல் அப்படியே அனுப்பிவிட்டார்கள். ஏழு பேர் செய்த பிழைதான் எனக்கு மிகவும் பிடித்தது: பெறுபவரின் பகிரங்கத் திறப்பால் பூட்டாமல் தங்களுடைய திறப்பால் பூட்டினார்கள். மேலே சொன்ன உதாரணத்தில், நண்பருக்கு அனுப்பும் பெட்டிக்கு என் பூட்டைப் போட்டு அனுப்புவது போல. அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

அவர்கள் முட்டாள்கள் அல்லர். வீட்டுக் கதவைப் பூட்டும் எவரும் தன் சொந்தத் திறப்பாலேயே பூட்டுகிறார். மென்பொருள் செய்தவர்கள் "திறப்பு" என்ற சொல்லையும் படத்தையும் போட்டுவிட்டு, அது வேறு வகைத் திறப்பு என்று விளங்கப்படுத்தவில்லை. பிள்ளைக்கு விளங்கவில்லை என்றால் முதலில் பாடம் சொன்னவரைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் ஆசிரியப் பயிற்சியில் படித்தோமே, அதே விடயம்.

இதே காலத்தில் ஜேர்மனியில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. பீ.ஜீ.பீ. கைமாறி ஒரு பெரிய நிறுவனத்திடம் போயிருந்தது. காப்புரிமைச் சிக்கல்களும் இருந்தன. வெர்னர் கொக் என்பவர் 1997இல் அதற்கு மாற்றாக யாரும் இலவசமாகப் பாவிக்கக்கூடிய மென்பொருள் ஒன்றை எழுதத் தொடங்கினார். அதன் பெயர் ஜீ.என்.யூ.பீ.ஜீ. 1999 செப்டெம்பரில் முதல் முழுப் பதிப்பு வந்தது. விண்டோஸ் கணினிகளுக்கு அதைக் கொண்டுவர ஜேர்மன் அரசாங்கமே பணம் கொடுத்தது. ஆனால் அது கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் மென்பொருள். சாதாரண ஆள் கிட்டப் போகமாட்டார்.

அதை மின்னஞ்சல் மென்பொருளோடு இணைத்த பாலம்தான் எனிக்மெயில். 2001இல் அதை முதலில் வெளியிட்டவர் பெயரைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: இராமலிங்கம் சரவணன். 2003 முதல் பற்றிக் புருன்ஸ்விக் என்பவர் அதைப் பொறுப்பெடுத்து நடத்தினார். 2004 டிசம்பரில் மொஸில்லாவின் தண்டர்பேர்ட் 1.0 வந்ததும் இரண்டும் ஜோடி சேர்ந்தன. தண்டர்பேர்ட் என்பது உங்கள் மடிக்கணினியிலேயே இருந்துகொண்டு, ஜீமெயில், யாஹூ என எந்தக் கணக்கின் கடிதங்களையும் இறக்கிக் காட்டும் மென்பொருள். திறப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போகக்கூடாது என்றால் இப்படியான ஒன்று தேவை. பிரவுசரில் திறக்கும் ஜீமெயிலில் எல்லாமே அவர்கள் கந்தோரில்தானே நடக்கிறது.

ஆனால் வேலை எவ்வளவு தெரியுமா? தண்டர்பேர்டை இறக்கு. ஜீ.என்.யூ.பீ.ஜீ.யை வேறு இடத்தில் இறக்கு. எனிக்மெயிலை உள்ளே சேர். திறப்பு ஜோடியை உருவாக்கு. எத்தனை பிட் நீளம் என்று கேட்கும். நீளமான கடவுச்சொல் ஒன்று போடு. திறப்பு தொலைந்தால் இரத்துச் செய்வதற்கான சான்றிதழை இப்போதே செய்து பத்திரப்படுத்து. பகிரங்கத் திறப்பைத் திறப்புச் சேவையகத்தில் ஏற்று. பிறகு, நீ எழுதப்போகும் ஆளும் இவ்வளவையும் செய்திருக்கிறாரா என்று பார். செய்யவில்லை என்றால் உன் உழைப்பு வீண். தண்டர்பேர்ட் புதுப்பிக்கப்படும்போது எனிக்மெயில் ஒத்துப்போகாவிட்டால் மறுபடியும் தலைவலி.

2012 டிசம்பரில் கிரீன்வால்டின் முன்னால் இருந்தது இந்த வகையான பட்டியல்தான். அதே ஆண்டு ஜூலையில், தண்டர்பேர்டில் இனிப் புதிய வசதிகளைப் பெரிதாகச் செய்யப்போவதில்லை என்று மொஸில்லா அறிவித்திருந்தது.

ஸ்னோடனின் செய்திகள் வந்த பிறகு உலகம் விழித்துக்கொண்டது என்று சொல்வார்கள். ஓரளவுக்கு உண்மை. ஆனால் 2015 பெப்ரவரியில் ஓர் அமெரிக்கச் செய்தி நிறுவனம் எழுதியதைப் பாருங்கள்: உலகமே நம்பியிருக்கும் அந்த மென்பொருளை வெர்னர் கொக் தன் வீட்டில் இருந்து பெரும்பாலும் தனியாளாகப் பராமரிக்கிறார், பணமில்லாமல் கைவிடும் நிலைக்கு வந்துவிட்டார். செய்தி வெளியானதும் பணம் குவிந்தது. ஃபேஸ்புக்கும் ஸ்ட்ரைப் நிறுவனமும் ஆண்டுக்கு 50,000 டொலர் வீதம் தருவதாகச் சொன்னார்கள். அதே ஆண்டுதான் பீ.ஜீ.பீ.யைச் செய்த சிம்மர்மனே அதைப் பாவிப்பதில்லை, அவருடைய மெக் கணினியில் ஓடும் பதிப்பு அவரிடம் இல்லை என்ற செய்தியும் வந்தது. சிரிப்பதா அழுவதா!

பிறகு அடிமேல் அடி. 2018 மே மாதம் ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஈஃபெயில் என்ற ஓட்டையை வெளியிட்டார்கள். பூட்டு உடையவில்லை. பூட்டிய கடிதத்தைச் சுற்றி ஒரு படத்தின் இணைப்பைக் களவாகச் சேர்த்து அனுப்பினால், மின்னஞ்சல் மென்பொருள் கடிதத்தைத் திறந்து, அந்தப் படத்தைத் தேடிப் போகும் சாக்கில் உள்ளே இருப்பதையும் திருடனுக்குக் கொடுத்துவிடும். 2019 ஜூனில் பழைய திறப்புச் சேவையகங்களும் தாக்கப்பட்டன. அங்கே ஏற்றியதை ஒருபோதும் அழிக்க முடியாது என்பதுதான் வடிவமைப்பு. அதையே ஆயுதமாக்கி, சிலருடைய திறப்புகளில் ஆயிரக்கணக்கான போலிக் கையொப்பங்களை ஏற்றி அவற்றைப் பாவிக்க முடியாமல் செய்தார்கள்.

திருப்பம் 2020இல் வந்தது. தண்டர்பேர்ட் 78ஆம் பதிப்பில் பூட்டும் வசதி உள்ளேயே கட்டப்பட்டது. உரிமச் சிக்கல் காரணமாக ஜீ.என்.யூ.பீ.ஜீ.யைச் சேர்க்காமல் ஆர்.என்.பீ. என்ற வேறு நூலகத்தைச் சேர்த்தார்கள். எனிக்மெயிலின் புருன்ஸ்விக்கே அந்த வேலைக்கு உதவினார். எனிக்மெயிலின் கடைசி வேலை பழைய திறப்புகளைப் புதிய வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும்தான். அதுவும் வழுக்காமல் போகவில்லை: 2021இல் சில பதிப்புகள் இறக்குமதி செய்த இரகசியத் திறப்புகளைப் பாதுகாப்பின்றிச் சேமித்ததைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள்.

இன்று செய்ய வேண்டியது: தண்டர்பேர்டில் கணக்கு அமைப்புகளுக்குள் போய், முனைக்கு முனை மறைகுறியாக்கம் என்ற பகுதியில் புதிய திறப்பை உருவாக்கச் சொல்லுங்கள். மூன்று ஆண்டுக் காலாவதியை அதுவே போட்டுத் தரும். சில நிமிடங்களில் முடியும். இரகசியத் திறப்பின் பிரதி ஒன்றைக் கோப்பாகச் சேமியுங்கள். தண்டர்பேர்டுக்கே ஒரு முதன்மைக் கடவுச்சொல் போடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கணினியில் உட்காருபவர் எல்லாவற்றையும் வாசிப்பார். பிறகு பகிரங்கத் திறப்பை ஒரு சாதாரண மின்னஞ்சலில் இணைத்து நண்பருக்கு அனுப்புங்கள். அவர் தன்னுடையதை அனுப்பட்டும்.

ஒரு வேலையை மட்டும் எந்தப் பதிப்பாலும் இலகுவாக்க முடியவில்லை. வந்த திறப்பு உண்மையில் அந்த நண்பருடையதுதானா? இடையில் ஒருவன் தன் திறப்பை அவர் பெயரில் அனுப்பியிருந்தால்? இதற்காக ஒவ்வொரு திறப்புக்கும் கைரேகை என்று ஒன்று உண்டு, பெரும்பாலும் 40 எழுத்துகளும் இலக்கங்களும். அதை நேரில் அல்லது குரல் தெரிந்த தொலைபேசியில் வாசித்து ஒப்பிட வேண்டும். ஒத்துப்பார்த்தீர்களா என்று தண்டர்பேர்ட் கேட்கும். பதில் சொல்வது நீங்கள்தான்.

"வட்ஸ்அப்பில் இதெல்லாம் கேட்பதில்லையே?" உண்மை. 2016 ஏப்ரலில் வட்ஸ்அப் நூறு கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு முழுப் பூட்டுப் போட்டு முடித்தது. யாரும் எதையும் அமைக்கவில்லை. ஜொனியின் பிரச்சினைக்கு அதுதான் நல்ல விடை, நான் மறுக்கமாட்டேன். ஆனால் அது ஒரே கம்பனியின் கடை. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது அரசாங்கம் ஃபேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கியது. 2019 ஏப்ரலுக்குப் பிறகும் முடக்கியது. மின்னஞ்சல் எந்தக் கம்பனிக்கும் சொந்தமில்லை. அன்று அது ஓடிக்கொண்டிருந்தது.

நம்மவர்களிடம் இன்னொரு தயக்கம் உண்டு, வெளிப்படையாகவே பேசுவோம். "இப்படிப் பூட்டி அனுப்பினால் நம்மைச் சந்தேகப்படமாட்டார்களா?" 2019க்குப் பிறகு வீட்டில் இருந்த அரபுப் புத்தகத்தைக்கூட எங்கே வைப்பது என்று யோசித்த மக்கள் நாம். அந்தப் பயத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். சிம்மர்மன் 1991இலேயே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். எல்லோரும் தபாலட்டையில் எழுதும் ஊரில் ஒருவர் மட்டும் உறை போட்டால் அந்த உறையைத்தான் பிரித்துப் பார்ப்பார்கள். எல்லோரும் உறை போட்டால் உறை வெறும் உறைதான் என்பது அவர் வாதம். அதே நேரம், இது மாயத் தொப்பி அல்ல என்பதும் தெரிந்திருக்கட்டும். உள்ளே இருப்பதுதான் மறையும். யார் யாருக்கு, எப்போது அனுப்பினார் என்பது வெளியே தெரியும். தலைப்பு வரியைத் தண்டர்பேர்ட் இப்போது மறைக்கிறது. பழைய மென்பொருள்கள் அதையும் மறைக்கவில்லை.

செய்துபார்க்க விரும்புபவர்கள் விடுமுறையில் மடிக்கணினியோடு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து அமைப்போம், கைரேகையை முகம் பார்த்தே ஒப்பிடலாம். ஒரு பென்டிரைவும் கொண்டுவாருங்கள். இரகசியத் திறப்பின் பிரதியைத் தனியாக வைக்காமல் கணினி பழுதானால், அதுவரை பூட்டி வந்த கடிதங்களை நானோ கூகுளோ தண்டர்பேர்ட் செய்தவர்களோ திறந்து தர முடியாது.